மூன்று வயதும் ஆறு வயதும் பனிமலைக்குப் போகும்போது

நீங்கள் கேட்டது இது. மகனுக்கு 3 வயது, மகளுக்கு 6. கணவருக்கு ஸ்கீ என்ற பனிச்சறுக்கு ஓரளவு தெரியும், உங்களுக்குத் தெரியாது. மார்ச்சில் ஒரு வாரம் ஆல்ப்ஸ் பக்கம் போக நினைக்கிறீர்கள். இந்த வயது சரிவருமா, பள்ளியில் விடுவதா நாமே சொல்லிக்கொடுப்பதா, எதற்கெல்லாம் பயப்பட வேண்டும், சின்னவன் இரண்டாம் நாளே வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது.

தாராளமாகப் போகலாம். என் இரண்டு பிள்ளைகளையும் அந்த வயதிலிருந்தே பனிக்குக் கூட்டிப்போகிறேன். இரண்டு குளிர்காலம் ஒரு ஸ்கீ பள்ளியின் மழலையர் பிரிவில் உதவியாளராகவும் இருந்தேன். காலையில் அழுதுகொண்டே வந்து சேரும் பிள்ளைகளின் பூட்ஸை மாட்டிவிடுவதுதான் என் முதல் வேலை. அங்கே திரும்பத் திரும்பப் பார்த்தது ஒன்று உண்டு: ஒரு பிள்ளைக்குச் சறுக்கு பிடிக்குமா பிடிக்காதா என்பது முதல் இரண்டு நாளில் பெரும்பாலும் அதன் கால்விரல்களில்தான் இருக்கிறது. விரல் விறைத்த பிள்ளைக்கு எவ்வளவு நல்ல ஆசிரியர் வந்தாலும் ஒன்றும் ஏறாது. கை கால் சூடாக, வயிறு நிறைந்து, இரவு நன்றாகத் தூங்கிய பிள்ளை பாதியைத் தானாகவே பிடித்துக்கொள்ளும். அதனால் நீங்கள் கேட்ட வரிசையை மாற்றிப்போட்டு, முதலில் உடம்பைப் பற்றிப் பேசுகிறேன்.

பூட்ஸிலிருந்து தொடங்குகிறேன். ஸ்கீ பூட்ஸின் அளவு மோண்டோபாயின்ட் என்ற முறையில் இருக்கும். பாதத்தின் நீளம் எத்தனை சென்டிமீட்டரோ அதுதான் அளவு. வாடகைக் கடையில் சாதாரண ஷூ அளவைச் சொல்லாமல், வீட்டிலேயே பிள்ளையைச் சுவரோரம் குதிகால் படும்படி நிற்கவைத்து, இரண்டு பாதத்தையும் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். 17.5 சென்டிமீட்டர் பாதத்துக்கு 17.5. "வளரும் பிள்ளை, ஒரு சைஸ் கூட இருக்கட்டும்" என்ற எண்ணம் இங்கே ஆகவே ஆகாது. தளர்ந்த பூட்ஸுக்குள் பாதம் ஆடும். பாதம் ஆடினால், பூட்ஸில் மாட்டியிருக்கும் ஸ்கீப் பலகை சொன்ன பேச்சைக் கேட்காது. தளர்வைச் சரிக்கட்ட பக்கிளை இறுக்குவீர்கள், இறுக்கினால் ரத்த ஓட்டம் குறையும், விரல் விறைக்கும்.

என் மகள் முதல் வருடம் முதல் நாள் முழுக்க அழுதாள். குளிருக்கு என்று இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை போட்டுவிட்டிருந்தேன். சாயங்காலம் பூட்ஸைக் கழற்றிப் பார்த்தால், கெண்டைக்காலைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வரி பதிந்திருந்தது, வளையல் இறுகின மாதிரி. உள்ளாடையின் கால் மடிப்பும் பூட்ஸுக்குள் போய்விட்டிருந்தது. மறுநாள் முழங்கால்வரை வரும் மெல்லிய ஸ்கீ காலுறை ஒரே ஒரு ஜோடி, உள்ளாடைக் காலை முழங்காலுக்குச் சற்றுக் கீழே சுருட்டிவிட்டேன், பூட்ஸுக்குள் காலுறையைத் தவிர வேறு எதுவும் இல்லை. அன்று அவள் காலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பள்ளியில் இருந்தபோது அழுகிற பிள்ளையைக் கண்டால் நான் முதலில் தேடுவது அந்தச் சிவப்பு வரியைத்தான்.

மாட்டும் முறையும் உண்டு. பூட்ஸ் இரவு முழுவதும் காய்ந்து, வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். காரில் கிடந்து குளிர்ந்த பிளாஸ்டிக் கல்லாகிவிடும், பிள்ளையின் கால் உள்ளே போகாது. பூட்ஸின் நாக்கை நன்றாக முன்னால் இழுத்து, காலை நுழைத்து, குதிகாலைத் தரையில் இரண்டு தட்டு தட்டச் சொல்லுங்கள். பிறகு முழங்காலை முன்னால் மடக்கச் சொல்லிவிட்டு பக்கிளைப் போடுங்கள். முழங்காலை மடக்கும்போது விரல்நுனி பூட்ஸின் முன்பக்கத்தை விட்டு லேசாகப் பின்வாங்கினால் அளவு சரி.

பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங்கைக் கடைக்காரரிடம் விட்டுவிடுங்கள். எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், அனுபவம் எல்லாம் பார்த்துத்தான் எந்த அழுத்தத்தில் ஸ்கீ கழன்றுகொள்ள வேண்டும் என்று அவர் திருகுவார். எடையைக் குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள். சின்னப் பிள்ளைகளுக்கு வருகிற கடுமையான காயங்களில் முக்கியமானது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவது. விழும்போது கழல வேண்டிய ஸ்கீ கழலாமல் காலைத் திருகுவதால் வருவது அது. "அடிக்கடி கழன்றுவிடுகிறது" என்று நீங்களே ஸ்க்ரூவை இறுக்கிவிடவும் கூடாது. கடைக்கே திரும்ப எடுத்துப் போங்கள். குழந்தை பூட்ஸின் அடிப்பாகம் பெரியவர்களுடையதிலிருந்து அளவில் வேறுபடும், அதனால் அக்காவின் பழைய பூட்ஸும் வேறு யாருடைய ஸ்கீயும் சேர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். ஸ்கீயின் நீளம் நெஞ்சுக்கும் தாடைக்கும் நடுவில் இருந்தால் போதும். கைக்கம்பு இருவருக்குமே இப்போது வேண்டாம்.

உடைக்கு வருகிறேன். உடம்பை ஒட்டி வியர்வையை வெளியே விடும் உள்ளாடை, அதன்மேல் ஃபிளீஸ் எனும் மெத்தென்ற செயற்கைக் கம்பளிச் சட்டை, அதன்மேல் நீர் புகாத ஜாக்கெட்டும் கால்சட்டையும். பருத்தி வேண்டாம், நனைந்தால் காய்வதற்குள் பிள்ளை நடுங்கிவிடும். விரல் விரலாகப் பிரிந்த கையுறையைவிட, நாலு விரலும் ஒன்றாக இருக்கும் மிட்டன்தான் சூடு. முழங்கை வரை வரும் நீளமாக, சட்டைக் கைக்கு வெளியே இழுத்துவிடும்படி வாங்குங்கள், ஒரு ஜோடி உபரியாக இருக்கட்டும். கழுத்துக்குக் குழாய் போன்ற கழுத்துத் துணி. நீளமான மஃப்ளர், சரிவின் மேலே ஏற்றிவிடும் லிஃப்டில் மாட்டிக்கொள்ளும், கொண்டே போகாதீர்கள். மூன்று வயதுக்காரனுக்கு ஒற்றை உடையாக வரும் சூட் பனி உள்ளே போகாமல் காக்கும், ஆனால் அவசரமாக ஒண்ணுக்குப் போக வேண்டும் என்றால் மொத்தத்தையும் கழற்ற வேண்டும். தோள்பட்டையோடு வரும் கால்சட்டையும் தனி ஜாக்கெட்டும் எனக்குச் சுலபமாக இருந்தது. கிளம்புமுன் கழிப்பறைக்குக் கூட்டிப்போவதை, வேண்டாம் என்று சொன்னாலும், விடாதீர்கள்.

உயரம் ஏற ஏறக் குளிர் கூடும், 1,000 மீட்டருக்குச் சராசரியாக ஆறரை டிகிரி. கிராமத்தில் 0 டிகிரி என்று பார்த்துவிட்டு 1,000 மீட்டர் மேலே போனால் அங்கே −6, −7 இருக்கும். −10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு அது −20 போலத் தெரியும், கம்பிவடத்தில் தொங்கிப் போகும் நாற்காலி லிஃப்டில் உட்கார்ந்திருக்கும்போது அந்தக் காற்றுதான் முகத்தில் விழும். லிஃப்டில் போகும்போதெல்லாம் பிள்ளையின் மூக்குநுனியையும் கன்னத்தையும் பாருங்கள். வெளுத்து மெழுகு போல ஒரு திட்டுத் தெரிந்தால் உடனே உங்கள் வெறுங்கையை அதன்மேல் வைத்து மூடி, உள்ளே கூட்டிப்போங்கள். தேய்க்கக் கூடாது, பனியை வைத்துத் தேய்ப்பது இன்னும் கெடுதல். ஸ்லெட்ஜ் என்ற பனி இழுவண்டியில் சும்மா உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு, இழுத்துக்கொண்டு நடக்கும் உங்களைவிடக் குளிர் அதிகம். உங்களுக்கு வியர்க்கிறது என்பதை வைத்து அவனை அளக்காதீர்கள்.

வெயிலை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், அதுவும் மார்ச்சில். புதுப்பனி புறஊதாக் கதிரில் 80% வரை திருப்பி அடிக்கும். உயரம் 1,000 மீட்டர் கூடினால் கதிரின் வீரியம் சுமார் 10% கூடும். மேலேயிருந்தும் வருகிறது, கீழேயிருந்தும் வருகிறது. தாடைக்கு அடியில், மூக்குத் துளையின் ஓரத்தில்கூட சன்ஸ்கிரீன் தடவுங்கள். ஸ்கீயை விட்டு இறங்கி விளையாடும்போதும் கண்ணுக்குக் கண்ணாடி இருக்க வேண்டும். பனி வெளிச்சத்தில் கண் எரிந்தால் அந்த நேரம் ஒன்றும் தெரியாது, சில மணி நேரம் கழித்துக் கண்ணில் மணல் கொட்டின மாதிரி வலி வரும்.

ஹெல்மெட் பற்றிப் பேச்சே வேண்டாம், அது கட்டாயம். ஐரோப்பாவில் விற்கும் ஸ்கீ ஹெல்மெட்டில் ஈஎன் 1077 என்ற தர எண் இருக்கும். சைக்கிள் ஹெல்மெட் இதற்கு ஆகாது. இத்தாலியில் 2005 முதலே 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சட்டப்படி கட்டாயமாக்கி, 2022இல் அதை 18 வயதுவரை நீட்டி, 2025 நவம்பரிலிருந்து எல்லா வயதினருக்கும் ஆக்கினார்கள். அடியில் தொப்பி போடாதீர்கள், ஹெல்மெட் ஆடும். போட்டுவிட்டுத் தலையை இட வலமாக ஆட்டச் சொல்லுங்கள், ஹெல்மெட் தலையோடு சேர்ந்து திரும்ப வேண்டும். நெற்றிக்கும் காகிள்ஸ் எனும் பனிக்கண்ணாடிக்கும் நடுவே தோல் தெரிந்தால், அங்கேதான் முதலில் குளிர் பிடிக்கும்.

இனி இடம். எத்தனை நூறு கிலோமீட்டர் பாதை இருக்கிறது என்று விளம்பரம் சொல்வது உங்களுக்கு இந்த வருடம் ஒரு பொருட்டே இல்லை. நீங்கள் பார்க்க வேண்டியது ஒரே தூரம்: படுக்கும் இடத்திலிருந்து குழந்தைகள் சறுக்கும் திடல் எத்தனை அடி. இரண்டு பிள்ளைகளின் ஸ்கீ, உங்கள் ஸ்கீ, கையில் ஒரு பை, தூக்கு என்று கையை நீட்டும் மூன்று வயது. இத்தனையோடு பூட்ஸ் போட்டு 500 மீட்டர் நடந்து பாருங்கள், தெரியும். திடல் கிராமத்திலேயே இருக்கிறதா, கம்பிவடத்தில் தொங்கும் பெட்டியான கோண்டோலாவில் ஏறிப் போக வேண்டுமா என்று முன்பதிவுக்கு முன்பே கேளுங்கள். ஸ்கீயை இரவில் திடல் பக்கமே வைத்துவிட்டு வரும் வசதி இருந்தால் அதற்குக் கொஞ்சம் கூடச் செலவழிக்கலாம்.

தங்கும் உயரத்தையும் பாருங்கள். 2,500 மீட்டருக்கு மேலே தூங்கினால் மலைநோய் வரக்கூடும், மூன்று வயதுப் பிள்ளைக்குத் தலை வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. சாப்பிடாமல் இருப்பான், தூங்க மாட்டான், காரணமில்லாமல் சிணுங்குவான், வாந்தி எடுப்பான். 1,200 முதல் 1,800 மீட்டருக்குள் தங்குவது நிம்மதி. மார்ச் என்பதால் ரொம்பத் தாழ்வான ஊர் வேண்டாம், பனி இளகிவிடும். மலைப்பாதையில் கார் ஏறும்போது காது அடைக்கும், அப்போது குடிக்க எதையாவது கையில் கொடுங்கள். கார் சீட்டில் உட்காரவைக்கும்போது அந்தத் தடித்த ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு பெல்ட் போடுங்கள். ஜாக்கெட்டோடு போட்டால் இறுக்கமாக இருப்பது போலத் தோன்றும், மோதலில் ஜாக்கெட் நசுங்கி பெல்ட் தளர்ந்துவிடும். ஜாக்கெட்டைப் போர்வை மாதிரி மேலே போர்த்திவிட்டால் போதும்.

மார்ச்சைத் தேர்ந்தெடுத்தது நல்லது. பகல் நீளம், குளிர் மட்டு, பிப்ரவரிப் பள்ளி விடுமுறைக் கூட்டமும் வடிந்திருக்கும். ஒரு குறை: காலையில் பனி இறுகிக் கண்ணாடியாக இருக்கும், மதியத்துக்குமேல் குழைந்து கனத்துவிடும். பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணிவரைதான் சின்னக் கால்களுக்கு ஏற்ற பனி.

பள்ளியா, நாமேவா? பள்ளி என்றுதான் அழுத்திச் சொல்வேன். கணவர் நன்றாகவே சறுக்குபவராக இருக்கலாம், ஆனாலும் அப்பா சொன்னால் அடம், ஆசிரியர் சொன்னால் வேதவாக்கு. இதைவிடப் பெரிய காரணம் இன்னொன்று. பெற்றோர் சொல்லிக்கொடுக்கும்போது பிள்ளையை இரண்டு காலுக்கு நடுவில் வைத்துப் பிடித்துக்கொண்டோ, பின்னாலிருந்து வார் கட்டி இழுத்துக்கொண்டோ வருவார்கள். பிள்ளை அந்தப் பிடியில் சாய்ந்து, உடம்பைப் பின்னால் போடப் பழகிவிடும். ஸ்கீயில் திரும்புவதற்கும் நிற்பதற்கும் எடை முன்னால், கெண்டைக்காலின் முன்பக்கம் பூட்ஸை அழுத்தும்படி இருக்க வேண்டும். பின்னால் சாயும் பழக்கத்தை எடுக்க ஒரு வாரம் போதாது. வாரை வைத்துக்கொள்வதே தப்பு என்று சொல்லவில்லை, குறுகலான இடத்தில் வேகத்தைப் பிடிக்க உதவும். அதையே பாடமாக்கிவிடக் கூடாது.

ஆறு வயது மகள் குழு வகுப்பில் சேரட்டும். அந்த வயதுப் பிள்ளைகள் ஒன்றையொன்று பார்த்தே கற்றுக்கொள்கின்றன. முதலில் ஒரு காலில் மட்டும் ஸ்கீ மாட்டி ஸ்கூட்டர் போலத் தள்ளவைப்பார்கள், பிறகு இரண்டும். ஸ்கீ முனைகள் சேர்ந்து பின்பக்கம் விரிந்தால் 'பிட்சா', அதுதான் பிரேக். இரண்டும் இணையாக இருந்தால் 'ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ்', அதில் வேகம். இந்த இரண்டு சொல்லையும் வீட்டுத் தரையில் காலுறையோடு விளையாட்டாகப் பழக்கிவிடுங்கள். விழுந்தால் எழுவதையும் பழக்கலாம்: இரண்டு ஸ்கீயும் சரிவுக்குக் குறுக்கே இருக்க வேண்டும், சரிவைப் பார்த்து நீட்டியபடி எழ முயன்றால் வழுக்கிக்கொண்டே போகும்.

மூன்று வயதுக்காரன் வேறு. பல பள்ளிகள் 3 வயதிலேயே சேர்த்துக்கொள்கின்றன, ஆனால் அந்த வயதில் தொடையில் பிட்சாவைப் பிடித்து நிற்கும் வலு பலருக்கு இருக்காது. கவனமும் அரை மணி, ஒரு மணி நேரம்தான் நிற்கும். கயிறு கட்டிப் பிரித்த திடலில், கால் வைத்து நின்றாலே மேலே கொண்டுபோய் விடும் மேஜிக் கார்பெட் இருக்கும் பள்ளியாகப் பாருங்கள். பாதி நேரம் சறுக்கு, பாதி நேரம் உள்ளே விளையாட்டு என்று இருந்தால் உத்தமம். அரை நாளுக்கு மேல் வேண்டாம். அவனுக்குப் புரியும் மொழி பேசும் ஆசிரியர் இருக்கிறாரா என்று கேளுங்கள், இல்லையென்றால் ஒண்ணுக்கு, குளிருது, வலிக்குது மூன்றுக்கும் அந்த ஊர்ச் சொல்லைப் பழக்கி, ஆசிரியரிடமும் சொல்லிவிடுங்கள். விட்டுவிட்டு வரும்போது முத்தம் கொடுத்து, எப்போது வருவீர்கள் என்று சொல்லிவிட்டு நடந்துவிடுங்கள். சொல்லாமல் நழுவவும் கூடாது, வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்க்கவும் கூடாது. கையைப் பிடித்து மேஜிக் கார்பெட்டில் ஏறவிருந்த பிள்ளை, வேலிக்கு அப்பால் அம்மாவின் சிவப்பு ஜாக்கெட்டைக் கண்டதும் ஸ்கீயோடு உட்கார்ந்துவிட்டதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கும் முதல் மூன்று நாள் வகுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளோடு அதே திடலில் நின்று சறுக்க முடியும் என்பது பெரிய விஷயம். ஒருவர் சின்னவனோடு இருக்க மற்றவர் சறுக்க, ஒரே லிஃப்ட் பாஸைப் பெற்றோர் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் ஏற்பாடு சில இடங்களில் உண்டு, கேட்டு வாங்குங்கள். பல இடங்களில் 5 அல்லது 6 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு லிஃப்ட் இலவசம், வயதுச் சான்றைக் கையில் வைத்திருங்கள்.

வாரக் கடைசியில் மகள் நாற்காலி லிஃப்டில் ஏறும் நிலைக்கு வரலாம். ஏறும் இடத்தில் பணியாளரிடம் இவள் புதுசு என்று கைகாட்டிச் சொன்னால் வேகத்தைக் குறைப்பார். முதுகுப்பை இருந்தால் கழற்றி முன்னால் வையுங்கள். உட்கார்ந்ததும் பின்பக்கம் முழுக்க நாற்காலியின் முதுகில் பட வேண்டும், உடனே பாதுகாப்புக் கம்பியை இறக்க வேண்டும், இறங்கும் இடம்வரை திரும்பக் கூடாது. சரியாக உட்காரவில்லை என்று தோன்றினால் அந்தக் கணமே சத்தம் போடுங்கள், நிறுத்துவார்கள். அதற்காக வெட்கப்பட வேண்டாம்.

சறுக்குப் பாதை எவ்வளவு கடினம் என்று காட்டும் நிறம் நாட்டுக்கு நாடு மாறும். பிரான்ஸில் பச்சைதான் ஆரம்பம், நீலம் அதற்கு அடுத்தது. ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் நீலத்திலிருந்தே தொடங்கும். வட அமெரிக்காவில் பச்சை வட்டம் சுலபம், நீலச் சதுரம் நடுத்தரம். சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பின் நடத்தை விதிகள் பத்து, 1967இல் வந்தவை. உங்கள் மகளுக்கு இரண்டைச் சொல்லிக்கொடுங்கள்: முன்னால் போகிறவருக்குத்தான் வழி, பின்னால் வருகிறவர்தான் விலக வேண்டும். நிற்பதானால் பாதையின் ஓரத்தில், மேலேயிருந்து வருபவருக்குத் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். கூட்டிக்கொண்டு சறுக்கும்போது பெரியவர் ஒருவர் அவளுக்குப் பின்னால் சற்று மேலே வந்தால், வேகமாக வருபவர்கள் விலகிப் போவார்கள். குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு சறுக்குபவர்களைப் பார்ப்பீர்கள், அதைச் செய்யவே செய்யாதீர்கள். நீங்கள் விழாவிட்டாலும் வேறொருவர் வந்து மோதலாம்.

ஜாக்கெட்டின் உள்பையில் உங்கள் தொலைபேசி எண்ணை எழுதி வையுங்கள். பயணக் காப்பீட்டில் ஸ்கீயும் மலையிலிருந்து இறக்கிவரும் செலவும் சேர்ந்திருக்கிறதா என்று ஒரு தடவை படித்துப் பாருங்கள், பல சாதாரணக் காப்பீடுகளில் இருக்காது.

ஒரு நாளை எப்படிக் கழிப்பது? காலையில் இரண்டு மணி நேரம் வகுப்பு, மதியம் சாப்பாடு, சின்னவனுக்குத் தூக்கம், சாயங்காலம் பனியில் வெறும் விளையாட்டு. "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று மகள் கெஞ்சும்போதுதான் நீங்கள் கறாராக இருக்க வேண்டும். கால் ஓய்ந்திருக்கும், பாதையும் குழம்பிக் கிடக்கும், அந்தக் கடைசித் தடவையில்தான் விழக் கூடாத மாதிரி விழுவார்கள். ஆசை மிச்சமிருக்கும்போதே நிறுத்தினால் மறுநாள் அவளே பூட்ஸைத் தேடுவாள். வாரத்தின் நடுவில் ஒரு நாள் ஸ்கீயைத் தொடவே தொடாதீர்கள்.

சின்னவன் வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டால்? முதலில் பூட்ஸைக் கழற்றி அந்தச் சிவப்பு வரி இருக்கிறதா பாருங்கள், கையுறைக்குள் விரலைத் தொட்டுப் பாருங்கள், பசியா என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். கட்டிய பணத்தை நினைத்து அவனை மறுபடி வேலிக்குள் தள்ளாதீர்கள். என் மகன் மூன்று வயதில் மொத்தம் ஒன்றரை நாள்தான் ஸ்கீயில் நின்றான். மிச்ச நாள் முழுக்க ஒரு பிளாஸ்டிக் மண்வாரியை வைத்துக்கொண்டு, தங்கியிருந்த வீட்டு வாசலில் பனியைத் தோண்டி ஒரு குழி செய்து, அதற்குள் உட்கார்ந்து, என்னையும் உள்ளே வரச் சொன்னான். குளிர் என்றால் என்ன, பனியில் எப்படி நடப்பது, விழுந்தால் வலிக்காது என்பதெல்லாம் அந்தக் குழியில் அவனுக்குப் பழகியது. நான்கு வயதில் திரும்பப் போனபோது, அதே மாதிரித் திடலில் இரண்டாம் நாள் மத்தியானம் யாரும் பிடிக்காமல் இறங்கி வந்து, பிட்சா போட்டு என் காலடியில் நின்றான்.

உங்கள் பயணப் பெட்டியில் இடம் இருந்தால் ஒரு மண்வாரி வைத்துக்கொள்ளுங்கள்.